பேராதனை நகரமா, கிராமமா, தோட்டமா? கண்டி மாவட்டத்தின் சனத்தொகையும் வசதிகளும்

2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் குடிசன மதிப்பீட்டுக்காக எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் பெண் வந்தார். கையில் டெப் ஒன்று இருந்தது. சிங்களத்தில் தொடங்கினார். அம்மா தடுமாறுவதைக் கண்டதும் தெரிந்த அளவு தமிழுக்கு மாறினார். பெயர், வயது, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறோம், மலசலகூடம் வீட்டுக்குள்ளா வெளியிலா, எதைக் கொண்டு சமைக்கிறோம் என்று கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. இனம் என்ற இடத்தில் நின்றது. இலங்கைத் தமிழரா, அல்லது இந்தியத் தமிழர் அதாவது மலையகத் தமிழரா என்று கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எதப் போட்டா நமக்கு நல்லது?”

ஊடகக் கற்கைகளில் பட்டம் எடுத்தவன், பத்து வருடமாகச் செய்தி எழுதுகிறவன், இதற்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. எந்தப் பெட்டியில் எங்களைப் போட்டால் எந்த வசதி வரும், எது வராமல் போகும் என்பதை அதுவரை நான் தேடிப் பார்த்ததில்லை. அதன் பிறகு தேடியதே இந்தக் கட்டுரை. கண்டி மாவட்டத்தில் வாழும் பலருக்கு, விசேடமாக பேராதனை, கம்பளை, கலஹா, தெல்தோட்டை, புஸ்ஸல்லாவை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு, இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் மொத்தக் கணக்கு. கண்டி மாவட்டத்தில் 2001ஆம் ஆண்டு 12 இலட்சத்து 79 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் அது 13 இலட்சத்து 75 ஆயிரமானது. 2024இல் ஏறக்குறைய 14 இலட்சத்து 61 ஆயிரம். கம்பஹா, கொழும்பு, குருநாகல் மாவட்டங்களுக்கு அடுத்து நாட்டில் அதிக மக்கள் வாழும் மாவட்டம் இது. பரப்பளவு ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீற்றர்தான். ஒரு சதுர கிலோமீற்றருக்கு 750 பேருக்கு மேல் வருகிறது. நாட்டின் சராசரியைப் போல இது இரண்டு மடங்குக்கும் அதிகம். அதிலும் மலைச்சரிவு, காடு, நீர்த்தேக்கம், தேயிலை என்று கழித்துவிட்டால் மக்கள் உண்மையில் நெருங்கி வாழும் நிலம் இன்னும் குறைவு. கண்டியிலிருந்து பேராதனை வழியாக கம்பளைக்கோ, மறுபக்கம் அக்குறணைக்கோ பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. கடைக்கும் கடைக்கும் இடையில் வெற்றிடமே இருக்காது.

ஆனால் அந்தக் கடைத்தெருக்களில் பெரும்பாலானவை அரசாங்கப் பதிவில் கிராமம்.

எது நகரம்?

இலங்கையின் குடிசன மதிப்பீடு நாட்டை மூன்று துறைகளாகப் பிரிக்கிறது: நகரம், கிராமம், தோட்டம். மாநகர சபை அல்லது நகர சபையின் எல்லைக்குள் இருந்தால் அது நகரம். 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பெருந்தோட்டமாக இருந்து, அங்கேயே தங்கி வேலை செய்யும் தொழிலாளர்கள் 10 பேராவது இருந்தால் அது தோட்டம். இந்த இரண்டிலும் சேராத எல்லாமே கிராமம். எத்தனை பேர் நெருங்கி வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எத்தனை வங்கிக் கிளைகள் இருக்கின்றன என்பதையெல்லாம் இந்த வரைவிலக்கணம் கேட்பதில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. பட்டின சபைகள் என்று ஒரு வகை இருந்தது. சிறு பட்டினங்களும் அதனால் நகரக் கணக்கில் சேர்ந்தன. 1980களில் பட்டின சபைகளும் கிராம சபைகளும் இல்லாமல் போய், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைகள் வந்தன. பிரதேச சபைக்குள் அடங்கிய பட்டினங்கள் எல்லாம் புள்ளிவிபரத்தில் கிராமங்களாகின. 1981இல் நாட்டின் சனத்தொகையில் 21.5 வீதம் நகரத்தில் வாழ்ந்தது என்றும் 2012இல் 18.2 வீதம்தான் என்றும் ஏட்டில் இருப்பதற்கு முக்கிய காரணம் இதுதான். முப்பது வருடத்தில் இலங்கை மக்கள் நகரத்தைவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பினார்கள் என்று யாராவது இந்த எண்களை வைத்து எழுதினால் நம்பவேண்டாம். தெற்காசிய நகரங்களைப் பற்றி எழுதிய உலக வங்கி ஆய்வாளர்கள் இதனை மறைந்திருக்கும் நகரமயமாக்கல் என்றே சொல்கிறார்கள்.

கண்டி மாவட்டத்தில் ஒரு மாநகர சபை இருக்கிறது, கண்டி. நகர சபைகள் நான்கு: கம்பளை, நாவலப்பிட்டி, கடுகண்ணாவை, வத்தேகம. மற்ற எல்லாம் பிரதேச சபைகள். ஆகவே பிலிமத்தலாவை கிராமம். கெலிஓயா கிராமம். அக்குறணை கிராமம். திகனையும் குண்டசாலையும் கிராமங்கள். ஏ9 வீதி இரண்டு பக்கமும் கடைகளால் அடைபட்டு, பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைகளுக்குள் தண்ணீர் வரும் அக்குறணைக்கு ஒரு தடவை போய் வந்தவர் யாரும் அதைக் கிராமம் என்று சொல்ல மாட்டார்.

பேராதனையின் கதை இன்னும் சிக்கலானது. 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 1952இல் கொழும்பிலிருந்து இங்கு வந்த பல்கலைக்கழகம், பதுளைப் பாதையும் கண்டிப் பாதையும் பிரியும் புகையிரதச் சந்தி, போதனா வைத்தியசாலை, சிறுவர் வைத்தியசாலை, பல் வைத்தியசாலை எல்லாம் இங்கே இருக்கின்றன. நாடு முழுவதும் தெரிந்த பெயர். ஆனால் பேராதனை என்ற பெயரில் ஒரு நகர சபை கிடையாது. பேராதனை என்று முகவரி எழுதும் இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சபைகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. கெட்டம்பே கண்டி மாநகர சபைப் பக்கம். ஆற்றைக் கடந்து கன்னொருவைக்குப் போனால் யட்டிநுவர. ஒரே ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வாடகை. ஒரு கரை நகரம், மறுகரை கிராமம்.

இதனால் என்ன என்று கேட்கலாம். குப்பையிலிருந்து தொடங்குவோம். வீதியோரத்தில் குப்பை எடுப்பது, வடிகான் துப்புரவாக்குவது, தெருவிளக்கு, பொதுச் சந்தை, நூலகம், மயானம் எல்லாம் உள்ளூராட்சி சபையின் வேலை. மாநகர சபைக்கு ஆதன வரி பெரிய வருமானம். பிரதேச சபையோ கட்டட நெருக்கமுள்ளதெனப் பிரகடனம் செய்த பகுதிகளில்தான் அந்த வரியை அறவிட முடியும். கிராமத்துக்கென வகுத்த ஆளணியையும் வாகனங்களையும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் குப்பையை அள்ளவேண்டிய நிலையில் கண்டியைச் சுற்றியுள்ள பல பிரதேச சபைகள் இருக்கின்றன. கிழமைக்கு ஒரு தடவை வண்டி வந்தால் அதிர்ஷ்டம். வராத கிழமைகளில் பை ஓடைக்குப் போகிறது, ஓடை மகாவலிக்குப் போகிறது.

மாநகர சபையின் குப்பை மட்டும் ஒழுங்காகப் போகிறது என்று நினைக்கவும் வேண்டாம். அது பல காலமாக கோஹாகொடையில் மகாவலிக் கரையோரம் திறந்தவெளியில் கொட்டப்பட்டது. அங்கிருந்து கசியும் கழிவுநீர் பற்றி பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடங்களாக எழுதிவருகிறார்கள். கண்டிப் பெரும்பாகத்துக்குக் குடிநீர் எடுப்பதும் அதே ஆற்றில், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில். குப்பைக்கும் குடிநீருக்கும் ஒரே ஆறு என்றாகிவிட்ட பிறகு நகரம், கிராமம் என்ற எல்லைக்கு என்ன பொருள் இருக்கிறது?

கண்டி நகர எல்லைக்குள் நிரந்தரமாக வாழ்பவர்கள் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர்தான். பகலில் பாடசாலைக்கும் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து போகிறவர்கள் அதைவிட மிக அதிகம். குடிசன மதிப்பீடு இரவில் தூங்கும் இடத்தை வைத்து எண்ணுகிறது. பகலில் பேராதனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் எந்த அட்டவணையிலும் முழுதாக வராது.

மேலே லயம், கீழே வைத்தியசாலை

நான் பிறந்தது ஹந்தானைச் சரிவில் உள்ள ஒரு தோட்டத்து லயத்தில். பத்து வயதுவரை அங்கேதான். இரவில் வாசலில் நின்றால் கீழே பல்கலைக்கழகத்தின் விளக்குகளும் வைத்தியசாலை விளக்குகளும் தெரியும். நாட்டின் மிகச் சிறந்த வைத்தியர்கள் சிலர் வேலை செய்யும் இடம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் என் தம்பிக்கு வலிப்பு வந்த இரவு அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, ஓட்டோ வரக்கூடிய இடத்தை அடைவதற்குள் விடியத் தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கல்லுப் பாதை அது. மழைக்கு அரித்து, நடுவில் ஒரு ஓடையாகவே மாறியிருந்தது. தம்பி பிழைத்துக்கொண்டான்.

வசதிகளைப் பற்றிய புள்ளிவிபரங்களில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குத் தூரம் என்று ஒரு நிரல் இருந்தால், எங்களுக்குச் சில கிலோமீற்றர் என்று வந்திருக்கும். மாவட்டத்தின் பல கிராமங்களைவிட நல்ல நிலை என்று அதை வாசிப்பவர் எண்ணியிருப்பார். மலைநாட்டில் தூரத்தைக் கிலோமீற்றரில் அளப்பது பெரிய ஏமாற்று. மினிப்பேயில் சமதரையில் பத்து கிலோமீற்றர் போவதும், கலஹாவுக்கு மேல் ஒரு டிவிசனிலிருந்து மூன்று கிலோமீற்றர் இறங்குவதும் ஒன்றல்ல.

அந்தப் பாதையை ஏன் யாரும் திருத்தவில்லை? சின்ன வயதில் கேட்டபோது, தோட்டத்துப் பாதை தோட்டத்துக்குச் சொந்தம் என்றார்கள். பெரியவனானதும் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு இருந்த விதத்தில், பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிடச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. தோட்ட மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அந்த உறுப்பினர் சபையில் உட்காரலாம். ஆனால் சபையின் பணத்தில் அவர் தன் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்ட முடியாது. முப்பது வருடம் இதுதான் நிலை. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகே அந்தத் தடை நீங்கியது. அதே ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் உருவானது.

தடை நீங்கியது வேறு, பணம் வருவது வேறு. பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவு செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. செய்யவேண்டும் என்று சபையைக் கட்டாயப்படுத்தும் ஒதுக்கீடு எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை. நிலம் இன்னமும் அரசாங்கத்துடையது, குத்தகைக்கு எடுத்திருப்பது கம்பனி. பாதை போடவும் தண்ணீர்க் குழாய் புதைக்கவும் முகாமைத்துவத்தின் சம்மதம் தேவைப்படுகிறது.

கண்டி மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியபோது, இங்குள்ள நடுமலைத் தோட்டங்கள் பல அரச நிறுவனங்களிடமே தங்கின. ஜனவசம என்று எங்கள் ஆட்கள் சொல்லும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றில் முக்கியமானவை. வயதான தேயிலை, குறைந்த விளைச்சல், தொழிலாளர்களின் சேமலாப நிதி கட்டாத பாக்கி என்று இந்தத் தோட்டங்களின் கதை நீளமானது. இலாபம் இல்லாத நிருவாகம் முதலில் கைவிடுவது பாதையையும் டிஸ்பென்சரியையும் பிள்ளை மடுவத்தையும்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை நட்ட லூல்கந்துர இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க உல்லாசப் பயணிகள் போகிறார்கள்.

இங்கே தோட்டத் துறைக்கான வரைவிலக்கணத்தைத் திரும்ப ஒரு தடவை வாசியுங்கள். 20 ஏக்கர், தங்கியிருக்கும் 10 தொழிலாளர்கள். 1970களின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கண்டி மாவட்டத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஒரு பகுதி கிராம விஸ்தரிப்புக்குப் போனது. அந்தக் காலத்தில் பசியாலும் வன்முறையாலும் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். எஞ்சியவர்கள் அதே லயத்தில் இருந்தார்கள். இன்று அந்த லயத்தில் இருப்பவர்கள் கொழும்பில் கடை வேலைக்கும், கண்டியில் வீட்டு வேலைக்கும், கட்டட வேலைக்கும் போகிறார்கள். செக்ரோலில் பெயருள்ளவர்கள் பத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அல்லது தோட்டம் துண்டு துண்டாகி 20 ஏக்கருக்குக் குறைந்துவிட்டால், அந்த லயம் புள்ளிவிபரத்தில் கிராமமாகிவிடும். கூரைத் தகரம் அதே தகரம், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா அதே காம்பரா, பீலித் தண்ணீர் அதே தண்ணீர். தோட்டங்களில் வறுமை குறைகிறது, தோட்டச் சனத்தொகை குறைகிறது என்று வரும் அறிக்கைகளை வாசிக்கும்போது இதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். 2012இல் நாட்டு மக்களில் 4.4 வீதம் தோட்டத் துறையில் இருந்தார்கள். கண்டி மாவட்டத்தில் அந்தப் பங்கு நாட்டின் சராசரியைவிட அதிகம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். பேராதனைக்குப் பக்கத்தில் மீவத்துரையில் மகாவலியிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் நீர் குழாய் வழியே பல இடங்களுக்கு ஏறிப் போகிறது. மலைச்சரிவில் ஓரளவு உயரத்துக்கு மேல் அந்தக் குழாய் ஏறுவதில்லை. அங்கே ஊற்றுத் தண்ணீர்தான். மூங்கிலுக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் குழாய், ஆனாலும் அதைப் பீலி என்றே சொல்கிறோம். எங்கள் லயத்தில் மழைக்காலத்தில் கலங்கலாகவும் மாசி பங்குனியில் நூல் மாதிரியும் வரும். காலை நாலரைக்கு எழும்பி வரிசையில் நிற்பது பெண்களின் வேலை. பிறகு ஆறரைக்கு மலைக்குப் போகவேண்டும்.

கடிதம் எங்கே போகும்?

வசதி என்றதும் பாதை, தண்ணீர், மின்சாரம் என்று யோசிப்போம். முகவரியும் ஒரு வசதிதான் என்பதை, நாங்கள் பேராதனையில் வாடகை வீட்டுக்கு இறங்கிய பிறகுதான் உணர்ந்தேன். லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வரும். அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிடுவார். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு, நீதிமன்ற அறிவித்தல், வங்கிக் கடிதம் எல்லாம் இதே வழிதான். எனக்கு வந்த ஒரு புலமைப்பரிசில் கடிதம் நேர்முகத் தேர்வு முடிந்து மூன்று நாள் கழித்து, அதுவும் பிரித்த நிலையில் வந்தது. யாரைக் குறை சொல்வது? கொண்டுவந்த கிழவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஆகியவற்றை எண்ணிக்கையில் பார்த்தால் கண்டி மாவட்டம் மோசமில்லை. 20 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. 2012ஆம் ஆண்டுச் சனத்தொகையைப் பிரித்தால் ஒன்றுக்கு 69 ஆயிரம் பேர் வரும். அதே காலத்தில் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர் வாழ்ந்த நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தே ஐந்து செயலகங்கள்தான் இருந்தன. ஒன்றுக்கு 1 இலட்சத்து 42 ஆயிரம் பேர். நீண்ட காலக் கோரிக்கைக்குப் பிறகே அங்கு எண்ணிக்கை கூடியது. ஆகவே கண்டியில் செயலகம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே தமிழில் ஒரு படிவம் கேட்டால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இன்று லீவு, நாளைக்கு வாருங்கள் என்ற பதிலை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எண்ணவில்லை. நாளைக்கு வருவது என்றால் ஒரு நாள் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை.

அம்மாவின் கேள்வி

இப்போது இனம் என்ற பெட்டிக்கு வருவோம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் முதலில் தனித்தனியாக எண்ணினார்கள். 1953இல் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் நாட்டின் சனத்தொகையில் 12 வீதம். அந்த வருடத்தில் அவர்கள் இலங்கைத் தமிழரைவிட எண்ணிக்கையில் அதிகம். ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்பே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் தலைவிதியைப் பேசியது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டார்கள். அந்த மிச்சத்தை 1974இல் இரண்டு அரசாங்கங்களும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தாத்தாவின் அண்ணன் குடும்பம் அப்படித்தான் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறியது. அம்மா பிறந்த நாள் முதல் நாடற்றவர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமை உறுதியானது. அந்தக் கடதாசியை இன்றும் பழைய பால்மா டின்னுக்குள் வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் நீங்கள் இந்தியத் தமிழரா என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? அந்தப் பெயரே ஒரு காலத்தில் கப்பலேற்றக் காரணமாக இருந்தது. இலங்கைத் தமிழர் என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு என்று எண்ணும் வீடுகள் மலையகத்தில் நிறைய உண்டு. படித்த பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள், வேறு காரணத்துக்காக: நாங்கள் இந்த நாட்டவர், பின் ஏன் இந்தியப் பெயர்?

விளைவு கணக்கில் தெரிகிறது. 2012இல் இந்தியத் தமிழர் 8 இலட்சத்து 39 ஆயிரம். 2024இல், மலையகத் தமிழர் என்ற பெயரையும் சேர்த்து எழுதிய பிறகும், 6 இலட்சம். நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. அதே பன்னிரண்டு வருடத்தில் இலங்கைத் தமிழர் 22 இலட்சத்து 69 ஆயிரத்திலிருந்து 26 இலட்சத்து 81 ஆயிரமாகக் கூடியிருக்கிறார்கள். அது 18 வீத வளர்ச்சி. நாட்டின் மொத்த வளர்ச்சியோ 7 வீதம்தான். போரும் புலம்பெயர்வும் கண்ட ஒரு சமூகம் பிறப்பினால் மட்டும் இப்படி வளர்ந்திருக்க முடியாது. இரண்டையும் கூட்டினால் குழப்பம் தீர்ந்துவிடும்: 2012இல் தமிழர்கள் மொத்தம் 15.3 வீதம், 2024இல் 15.1 வீதம். ஆட்கள் பெரும்பாலும் எங்கும் போகவில்லை. பெட்டி மாறியிருக்கிறார்கள்.

பெட்டி மாறுவது அவரவர் உரிமை. யாரும் இன்னொருவருக்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் வீடமைப்பு, ஏழு பேர்ச் காணி, தோட்டப் பாடசாலை ஆசிரியர் நியமனம், உள்ளூராட்சி வட்டார எல்லை என்று எதைப் பேசினாலும் எத்தனை பேர் என்ற கேள்வி வருகிறது. ஆறு இலட்சம் என்று ஏட்டில் இருந்தால் ஆறு இலட்சத்துக்குத்தான் திட்டம் போடுவார்கள். லயத்தில் இருந்துகொண்டே இன்னொரு பெட்டியில் பதிந்தவர் அந்தத் திட்டத்தின் கணக்கில் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பது தெரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மாவட்டங்களில் அதிக உயிர்களை இழந்தது கண்டி. கம்பளை நகரம் மகாவலிக்குள் கிடந்தது. பேராதனையில் புகையிரதப் பாலம் சேதமானது, பல்கலைக்கழகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மலைகளில் மண் சரிந்தது. முகாமில் நான் பேசிய ஒரு தாய் சொன்னார், “உறுதி இருக்கான்னு கேக்குறாங்க, உறுதி இருந்தா நாங்க ஏன் லயத்துல இருக்கோம்?” வீட்டுக்கு உரிமைப் பத்திரம் இல்லாதவர், தனி முகவரி இல்லாதவர், செக்ரோலில் பெயர் இல்லாமல் லயத்தில் மட்டும் வாழ்பவர் தான் அங்கேதான் வாழ்ந்தேன் என்று நிரூபிக்க ஒவ்வொரு மேசையாக நடக்கவேண்டியிருந்தது. மண் சரியும்போது அது நகரமா, கிராமமா, தோட்டமா என்று பார்க்கவில்லை. நிவாரணம் பார்த்தது.

தங்கள் ஊரின் நிலையை அறிய விரும்புவோருக்குச் சில வழிகள் உண்டு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலை வெளியிடுகிறது. குடிசன மதிப்பீட்டின் அட்டவணைகளில் கிராம அலுவலர் பிரிவு வரைக்கும் குடிநீர், மலசலகூடம், வெளிச்சம், வீட்டின் சுவர், கூரை பற்றிய விபரங்கள் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது மாவட்டச் சராசரியில் நின்றுவிட வேண்டாம். கண்டி மாவட்டத்தின் சராசரி என்பது பேராதனை மாடி வீட்டையும் மடுல்கலை லயத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தது. பிரதேச செயலகத்தில் அந்தப் பிரிவின் வளத் தரவுகளைக் கேட்கலாம். கொடுக்க மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும்.

நானும் ஒரு விண்ணப்பம் போட்டேன். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உங்கள் எல்லைக்குள் உள்ள தோட்டக் குடியிருப்புகளில் ஆண்டு வாரியாக எவ்வளவு செலவிட்டீர்கள், எந்தப் பாதைக்கு, எந்தத் தண்ணீர்த் திட்டத்துக்கு என்று ஒரு பிரதேச சபையிடம் கேட்டிருந்தேன். பதில் வந்தது, சிங்களத்தில். பக்கத்து வீட்டு ஆசிரியர் வாசித்துச் சொன்னார். தோட்டங்களுக்கான செலவு தனியாகக் கணக்கு வைக்கப்படுவதில்லை என்று அதில் இருந்தது. மேன்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா அன்று, என் பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், அந்தப் பெண்ணிடம் தானே சொல்லிவிட்டார்: “மலையகம்னே போடுங்க மகள். தண்ணிப் பீலிய மட்டும் சரியா எழுதுங்க.”